பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸில் இன்னும் யாரைச் சேர்க்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைப் புதிதாகப் பார்க்க ஆரம்பித்த நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. நான் பிக் ஈஸ்ட் ரசிகன், பல வருடமாக. அதனால் வெறும் தகவலோடு நிற்காமல் என் கருத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில், இந்தக் கான்ஃபரன்ஸ் என்பது என்ன?

கல்லூரிகள் தங்களுக்குள் சேர்ந்து அமைத்துக்கொள்ளும் கூட்டு. நவம்பரில் சீசன் தொடங்கும், ஒவ்வொரு அணிக்கும் முப்பது சொச்சம் ஆட்டங்கள். முதல் ஒன்றரை மாதம் பெரும்பாலும் வெளி அணிகளோடு ஆடுவார்கள், அப்புறம் மார்ச் வரை கான்ஃபரன்ஸுக்குள்தான். கடைசியில் கான்ஃபரன்ஸின் சொந்த டோர்னமென்ட். அதில் ஜெயிக்கிற அணிக்கு, தேசியப் பட்டத்துக்கான என்சிஏஏ போட்டியில், அதாவது எல்லோரும் மார்ச் மேட்னஸ் என்று சொல்கிறார்களே அதில், நேராக இடம் கிடைத்துவிடும். 2025-ல் ஆடிய 68 அணிகளில் 31 அணிகள் அப்படி வந்தவை, மீதி 37 அணிகளைத் தேர்வுக்குழு பார்த்துப் பொறுக்கியது. அந்த 37-க்குள் நுழையத்தான் மொத்தச் சண்டையும், விரிவாக்கப் பேச்சும் அங்கிருந்தே கிளம்புகிறது.

பிக் ஈஸ்ட் எப்படி வந்தது?

1979-ல். பிராவிடன்ஸ் கல்லூரியில் பயிற்சியாளராகவும் விளையாட்டுத் துறைத் தலைவராகவும் இருந்த டேவ் கேவிட் என்பவரின் யோசனை. நியூயார்க், பாஸ்டன், வாஷிங்டன் என்று வடகிழக்கின் பெரிய நகரங்களில் ஆளுக்கொரு பக்கம் தனியாக ஆடிக்கொண்டிருந்த கல்லூரிகளை ஒன்றாக்கினால் தொலைக்காட்சி தானாகத் தேடி வரும் என்பது அவர் கணக்கு. பிராவிடன்ஸ், செயின்ட் ஜான்ஸ், ஜார்ஜ்டவுன், சிராக்யூஸ், செட்டன் ஹால், கனெக்டிகட், பாஸ்டன் காலேஜ் ஆகிய ஏழும் தொடக்க உறுப்பினர்கள். அடுத்த வருடம் வில்லனோவா வந்தது, 1982-ல் பிட்ஸ்பர்க்.

கணக்கு அப்படியே பலித்தது. சேர்ந்த முதல் சீசனிலேயே, 1980 பிப்ரவரியில், சிராக்யூஸ் தன் சொந்த அரங்கில் தொடர்ந்து 57 ஆட்டங்கள் ஜெயித்திருந்த ஓட்டத்தை ஜார்ஜ்டவுன் போய் முறித்தது, அன்று பிறந்த பகை பல வருடம் இரண்டு ஊரையும் தூங்கவிடவில்லை. 1985-ல் நாட்டின் கடைசி நான்கு அணிகளில் மூன்று பிக் ஈஸ்ட் அணிகள், இறுதி ஆட்டத்தில் வில்லனோவா 66-64 என்று ஜார்ஜ்டவுனைத் தோற்கடித்தது. 1983-லிருந்து கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில்தான் நடக்கிறது. அந்த அரங்கம் இல்லாமல் பிக் ஈஸ்ட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் ஏன் உடைந்தது?

ஃபுட்பால். அமெரிக்க ஃபுட்பாலைச் சொல்கிறேன், நம் கால்பந்தை அல்ல. கல்லூரி விளையாட்டில் தொலைக்காட்சிப் பணத்தின் பெரும் பங்கு அதற்குத்தான் போகிறது. 1991-ல் பிக் ஈஸ்ட்டும் ஃபுட்பாலுக்குள் இறங்கியது, மயாமி போன்ற பல்கலைக்கழகங்கள் வந்தன. வந்தவர்கள் இன்னும் பெரிய ஃபுட்பால் பணத்தைத் தேடிப் போகவும் ஆரம்பித்தார்கள். 2004-ல் மயாமியும் வர்ஜீனியா டெக்கும், 2005-ல் பாஸ்டன் காலேஜும் ஏசிசி கான்ஃபரன்ஸுக்குப் போயின. ஓட்டையை அடைக்க லூயிவில், சின்சினாட்டி, மார்க்வெட், டிபால், சவுத் ஃப்ளோரிடா என்று ஐந்து பேரை ஒரே மூச்சில் சேர்த்து 16 அணிகள் ஆக்கினார்கள்.

கூடைப்பந்தாக மட்டும் பார்த்தால் அந்தப் 16 அணிக் காலம் பிரமாதம்தான், மறுக்கவே மாட்டேன். 2009 டோர்னமென்டில் சிராக்யூஸும் கனெக்டிகட்டும் ஆறு கூடுதல் நேரம் ஆடி 127-117 என்று முடித்ததும், 2011-ல் பதினோரு அணிகள் மார்ச் மேட்னஸுக்குப் போனதும், அதே வருடம் கனெக்டிகட்டின் கெம்பா வாக்கர் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்துக் கொடுத்துவிட்டு கையோடு தேசியப் பட்டத்தையும் வாங்கிக் கொடுத்ததும் அப்போதுதான். ஆனால் அடித்தளத்தில் ஃபுட்பால் கல்லூரிகள், கூடைப்பந்துக் கல்லூரிகள் என்ற இரண்டு தரப்புக்கும் இரண்டு வேறு ஆசைகள். 2011 செப்டம்பரில் சிராக்யூஸும் பிட்ஸ்பர்க்கும் கிளம்புவதாக அறிவித்தன, வெஸ்ட் வர்ஜீனியா, நோட்ர டேம், லூயிவில், ரட்கர்ஸ் என்று வரிசையாக எல்லோரும் கிளம்பினார்கள்.

மிஞ்சிய ஏழு கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் (டிபால், ஜார்ஜ்டவுன், மார்க்வெட், பிராவிடன்ஸ், செயின்ட் ஜான்ஸ், செட்டன் ஹால், வில்லனோவா) 2012 டிசம்பரில் தனியாகப் பிரிந்தன. பேரையும் மேடிசன் ஸ்கொயர் கார்டனையும் தங்களோடு எடுத்துக்கொண்டு, பட்லர், சேவியர், கிரைட்டன் மூன்றையும் சேர்த்து 2013-ல் புதிதாகத் தொடங்கின. ஃபாக்ஸ் தொலைக்காட்சி 12 வருட ஒப்பந்தம் போட்டது. அன்று பலர் இது தேறாது என்றார்கள். 2016-லும் 2018-லும் வில்லனோவா தேசியப் பட்டம் வாங்கியது.

இப்போது யார் யார் இருக்கிறார்கள்?

மேலே சொன்ன பத்து, அவற்றோடு 2020-ல் திரும்பி வந்த கனெக்டிகட். எல்லோரும் யூகான் என்றுதான் கூப்பிடுவார்கள். 1 கோடியே 70 லட்சம் டாலர் கொடுத்துத் தாங்கள் இருந்த கான்ஃபரன்ஸிலிருந்து வெளியேறி வந்தார்கள். வந்த பிறகு 2023, 2024 இரண்டு வருடமும் தொடர்ந்து தேசியச் சாம்பியன். விரிவாக்கம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் யூகானைத்தான் காட்டுவேன்.

மொத்தம் பதினொன்று. யூகான் மட்டும் அரசுப் பல்கலைக்கழகம். பட்லர் தனியார், ஆனால் மதச் சார்பு இல்லாதது. மீதி ஒன்பதும் கத்தோலிக்கம். அதில் ஜார்ஜ்டவுன், மார்க்வெட், கிரைட்டன், சேவியர் நான்கும் இயேசு சபையினுடையவை. சென்னை லயோலா, பாளையங்கோட்டை சேவியர், திருச்சி ஜோசப் கல்லூரிகளை நடத்துகிறார்களே, அதே சபை.

பதினொன்று என்ன குறைச்சல்? ஏன் கூட்ட வேண்டும்?

பதினொன்றில் ஒரு அழகு இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு அணியும் மற்ற பத்து அணிகளோடும் இரண்டு முறை ஆடும், ஒன்று உள்ளூரில், ஒன்று வெளியூரில். இருபது ஆட்டம். அட்டவணையில் யாருக்கும் சலுகை கிடையாது, முதலிடம் வந்தவர் எல்லோரையும் இரண்டு முறை பார்த்துவிட்டு வந்தவர். பிக் டென் கான்ஃபரன்ஸில் இன்று 18 அணிகள், ஒரு அணி பாதிக்கு மேற்பட்ட எதிராளிகளை வருடத்துக்கு ஒரே ஒரு முறைதான் பார்க்கும். அங்கே முதலிடத்துக்கு அட்டவணை அதிர்ஷ்டமும் வேண்டும்.

ஆனால் 2024 மார்ச்சில் நடந்தது எங்கள் எல்லோருக்கும் வலித்தது. செட்டன் ஹால் கான்ஃபரன்ஸுக்குள் 13 வெற்றி, 7 தோல்வி. அந்த வருடம் நாட்டையே ஜெயித்த யூகானைத் தோற்கடித்த அணி. இடம் கிடைக்கவில்லை. செயின்ட் ஜான்ஸுக்கும் பிராவிடன்ஸுக்கும் கிடைக்கவில்லை. யூகான், மார்க்வெட், கிரைட்டன் மூன்று மட்டும்தான் போயின. செட்டன் ஹால் இரண்டாம் நிலைப் போட்டியான என்ஐடியில் ஆடி அதை ஜெயித்தது, மனது ஆறவில்லை.

இப்படி ஆனதற்குக் காரணங்கள் பல. எனக்குப் பெரிதாகத் தெரிவது அடிமட்டம். அந்த சீசனில் டிபால் கான்ஃபரன்ஸ் ஆட்டம் இருபதிலும் தோற்றது, ஜார்ஜ்டவுன் இரண்டே இரண்டு ஜெயித்தது. அவர்களை ஜெயித்தால் மதிப்பு ஏறாது, தோற்றால் சீசனே கெட்டுவிடும். பலமான ஒரு புதிய அணி வந்தால் அந்தப் பள்ளம் கொஞ்சம் நிரம்பும் என்பதுதான் விரிவாக்கம் கேட்பவர்களின் வாதம். நானும் அதை ஏற்கிறேன், ‘பலமான’ என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டு.

தோற்றால் சீசனே கெடும் என்றால் எப்படி?

2018-லிருந்து தேர்வுக்குழு நெட் என்ற தரவரிசையை முக்கியக் கருவியாக வைத்திருக்கிறது. எதிராளியின் இடம் எது, ஆட்டம் யார் ஊரில் நடந்தது என்று பார்த்து ஒவ்வொரு ஆட்டத்தையும் நான்கு பெட்டிகளில் போடுவார்கள். முதல் 30 இடங்களில் இருக்கும் அணியை உன் ஊரில் சந்தித்தால் முதல் பெட்டி, வெளியூரில் ஆடினால் முதல் 75 வரைக்கும் முதல் பெட்டிதான். உன் ஊருக்கு வருகிற அணி 160-க்குக் கீழே இருந்தால் அது நான்காவது பெட்டி, அதில் தோற்றால் யாரும் மன்னிக்க மாட்டார்கள். ஆக, புதிதாக ஒரு கல்லூரியைச் சேர்க்கிறோம் என்றால் மற்ற பதினொன்றுக்கும் வருடத்துக்கு இரண்டு ஆட்டங்களை, எந்தப் பெட்டி என்று தெரியாமல், கட்டி வைக்கிறோம்.

பணம் எப்படி வருகிறது?

இரண்டு வழி. ஒன்று தொலைக்காட்சி. ஃபாக்ஸ், என்பிசி, டிஎன்டி மூன்றோடும் 2025-26 சீசனிலிருந்து ஆறு வருட ஒப்பந்தம் இருக்கிறது. பதினொன்றாகப் பங்கு போடுவதைப் பன்னிரண்டாகப் போட வேண்டும் என்றால், புதிதாக வருபவர் தன் பங்கையாவது கொண்டு வர வேண்டும், இல்லையென்றால் பழையவர்களின் தட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, மார்ச் மேட்னஸ் யூனிட். அங்கே ஒரு அணி ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் (இறுதி ஆட்டம் தவிர) அதன் கான்ஃபரன்ஸுக்கு ஒரு யூனிட். ஒரு யூனிட்டின் மதிப்பு ஆறு வருடங்களில் சுமார் 20 லட்சம் டாலர். இரண்டு ஆட்டம் ஜெயித்து மூன்றாவதில் தோற்றாலும் மூன்று யூனிட், 60 லட்சம். ஃபுட்பால் வருமானம் இல்லாத கான்ஃபரன்ஸுக்கு இது சோற்றுக்கு வழி.

2025-ல் வந்த நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு கல்லூரிகள் வீரர்களோடு நேரடியாக வருமானத்தைப் பகிரலாம், முதல் வருட உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். ஃபுட்பால் கல்லூரிகளில் அதில் பெரும்பகுதி ஃபுட்பால் வீரர்களுக்குப் போய்விடும். பிக் ஈஸ்ட் கல்லூரிகள் தங்களிடம் இருப்பதை முழுசாகக் கூடைப்பந்தில் போடலாம். இந்தப் புது நிலைமை எங்களுக்குச் சாதகம் என்று நான் மனதார நம்புகிறேன், ஆனால் வருகிற கல்லூரியும் அப்படிப் போடத் தயாராக இருக்க வேண்டும்.

சரி, யார் பொருத்தம்? ஒரே ஒரு பேர் சொல்லுங்கள்.

டேட்டன்.

ஏன் டேட்டன்? சின்ன ஊர்தானே?

ஒஹாயோ மாநிலத்தில், ஒன்றரை லட்சம் பேர்கூட இல்லாத ஊர். ஆனால் அங்கே 13,000 பேருக்கு மேல் உட்காரும் அரங்கம் ஒன்று 1969-லிருந்து நிற்கிறது, அது நிறைகிறது. அந்தப் பக்கம் இருந்த வருடங்களில் ஒரு ஜனவரி மாதம், வார நடுவில், பனி கொட்டிக்கொண்டிருந்த இரவில் அங்கே ஆட்டம் பார்க்கப் போனேன், எதிரணி அப்படியொன்றும் பெரிய பேர் இல்லை, பாதிக் கூட்டமாவது வீட்டில் இருந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு போனால் தலைக்குத் தலை ஆள். பக்கத்து இருக்கைப் பாட்டி தன் அப்பா காலத்திலிருந்து குடும்பத்தில் வைத்திருக்கும் சீசன் டிக்கெட் என்று சொன்னார். அவர் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை, டேட்டனுக்காக வாதாடும்போதெல்லாம் அந்த வரிசைதான் கண்ணில் வருகிறது.

உணர்ச்சியை ஒதுக்கி வைத்தாலும் நியாயம் நிற்கிறது. மார்ச் மேட்னஸின் தொடக்கச் சுற்றான முதல் நான்கு ஆட்டங்கள் வழக்கமாக அங்கேதான் நடக்கும், ஆண்கள் என்சிஏஏ போட்டி ஆட்டங்களை அந்த அரங்கம் அளவுக்கு நடத்திய இடம் நாட்டில் வேறு இல்லை. 1967-ல் இறுதி ஆட்டம் வரை போனார்கள். 2020-ல் ஓபி டாப்பின் என்ற வீரரோடு 29 வெற்றி, 2 தோல்வி, கொரோனா வந்து போட்டியே ரத்தாகிவிட்டது. பாவம், அப்படி ஒரு அணி அவர்களுக்கு மறுபடி எப்போது அமையுமோ. கத்தோலிக்கப் பல்கலைக்கழகம், பெரிய ஃபுட்பால் கிடையாது, விளையாட்டுச் செலவு என்றால் அங்கே முதலில் கூடைப்பந்துதான். சின்சினாட்டியில் இருக்கும் சேவியர் அங்கிருந்து காரில் ஒரு மணி நேரம். இரண்டுக்கும் பல காலப் பகை, 2013-ல் சேவியர் பிக் ஈஸ்ட்டுக்கு வந்ததோடு அறுந்துபோனது. அதைத் திரும்பக் கட்டலாம்.

சேவியர் இருக்கும்போது அதே வட்டாரத்தில் இன்னொன்று எதற்கு, புது டிவி சந்தை ஒன்றும் வராதே என்று எதிர்ப்பவர்கள் சொல்வார்கள். 2013-ல் டேட்டனை விட்டதற்கும் இப்படித்தான் பலர் காரணம் சொன்னார்கள். டிபால் இருக்கும் சிகாகோ எவ்வளவு பெரிய சந்தை? அதனால் இருபது ஆட்டத் தோல்வியைத் தடுக்க முடிந்ததா?

பன்னிரண்டு ஆனால் அந்த இரண்டு முறைச் சுற்று என்னாகும்?

22 ஆட்டம் ஆட வேண்டும். கஷ்டம்தான், வெளி அணிகளோடு ஆடும் ஆட்டங்கள் குறையும், பயிற்சியாளர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் முடியும். 13 ஆனால் 24, அது முடியாது. அதனால் என் எல்லை பன்னிரண்டு.

செயின்ட் லூயிஸ்?

இரண்டாவது இடம் அதற்குத்தான். இயேசு சபைப் பல்கலைக்கழகம், 2008-ல் திறந்த பத்தாயிரம் இருக்கை அரங்கம், பெரிய நகரம், அதுவும் 1968-ல் ஹாக்ஸ் அணி அட்லாண்டாவுக்குப் போன பிறகு என்பிஏ அணியே இல்லாத நகரம். பட்லர் இருக்கும் இண்டியானாபோலிஸுக்கும் சிகாகோவுக்கும் நான்கைந்து மணி நேரத்தில் பஸ்ஸிலேயே போய்விடலாம். காகிதத்தில் பார்த்தால் டேட்டனைவிட அழகு. ஆனால் டேட்டனில் நல்ல வருடம் கெட்ட வருடம் என்று பார்க்காமல் ஜனம் வருகிறது, செயின்ட் லூயிஸில் அணி எழுந்தால்தான் வருகிறது. 2024-ல் ஜாஷ் ஷெர்ட்ஸ் பயிற்சியாளராக வந்த பிறகு நிலைமை மாறியிருக்கிறது. அது அவர் போன பிறகும் நிற்குமா என்று பார்த்துவிட்டுச் சேர்க்கலாம்.

விசியு, அதாவது வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகம்? அவர்கள் ஃபைனல் ஃபோர் (நாட்டின் கடைசி நான்கு அணிகள்) வரை போனவர்கள் ஆயிற்றே.

2011-ல் முதல் நான்கு ஆட்டங்களில் தொடங்கி ஃபைனல் ஃபோர் வரை போனார்கள், பார்த்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். ரிச்மண்டில் 7,600 பேர் உட்காரும் அரங்கம், சத்தம் அதைவிட இரண்டு மடங்கு. எனக்கு அங்கே வியப்பு என்னவென்றால் பயிற்சியாளர் வரிசைதான். ஜெஃப் கேப்பல் ஓக்லஹோமாவுக்கு, ஆந்தனி கிராண்ட் அலபாமாவுக்கு, ஷாகா ஸ்மார்ட் டெக்ஸஸுக்கு, வில் வேட் எல்எஸ்யூவுக்கு, மைக் ரோட்ஸ் பென் ஸ்டேட்டுக்கு, ரயன் ஓடம் வர்ஜீனியாவுக்கு. 2006 முதல் 2025 வரை ஆறு பேர், ஒருவர்கூட விடாமல் பெரிய இடத்துக்குத் தூக்கிச் செல்லப்பட்டார்கள், ஒவ்வொரு முறையும் விசியு எழுந்து நின்றது. கிராண்ட் இப்போது டேட்டனில், ஸ்மார்ட் எங்கள் மார்க்வெட்டில்.

தடை என்னவென்றால் அது பெரிய அரசுப் பல்கலைக்கழகம். சின்னத் தனியார் கல்லூரிகள் ஒன்பது பத்து சேர்ந்து முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி போடத் தயங்குவார்கள். இதை நான் நல்ல காரணமாக நினைக்கவில்லை, யூகானும் அரசுதானே. ஆனாலும் நடப்பு அதுதான்.

கொன்சாகா வருமா?

வராது. 1999-லிருந்து 2025 வரை நடந்த ஒவ்வொரு மார்ச் மேட்னஸிலும் ஆடிய அணி, யாருக்குத்தான் ஆசை இருக்காது. 2024 அக்டோபரில் அவர்கள் பேக்-12 கான்ஃபரன்ஸைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், 2026-லிருந்து அங்கே. கொன்சாகா இருக்கும் ஸ்போகேன் நகரம் நியூயார்க்கிலிருந்து ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர், மூன்று மணி நேர நேர வித்தியாசம். ஆண்கள் அணி தனி விமானத்தில் சமாளித்துவிடும். கைப்பந்து, சாக்கர் ஆடும் மாணவிகளைப் புதன்கிழமை இரவில் பிராவிடன்ஸுக்கு அனுப்பி வியாழன் காலை வகுப்பில் உட்கார வைப்பது எப்படி? அவர்களும் அந்தக் கான்ஃபரன்ஸின் உறுப்பினர்கள்தான், விரிவாக்கம் பேசுகிறவர்கள் அவர்களை நினைப்பதே இல்லை.

லயோலா சிகாகோ, விசிட்டா ஸ்டேட், மெம்ஃபிஸ்?

சுருக்கமாக: லயோலா 2018-ல் ஃபைனல் ஃபோர் போய் எல்லோர் மனதையும் அள்ளியது, ஆனால் சிகாகோவில் டிபால் இருக்கிறது. விசிட்டாவின் அரங்கம் அருமை, ஊர் தொலைவு, 2013 ஃபைனல் ஃபோர் காலத்து உயரத்தில் இப்போது இல்லை. மெம்ஃபிஸுக்கு ஃபுட்பால் கனவு இருக்கிறது, அந்தக் கதையை நாம் ஒரு முறை பார்த்தாயிற்று.

சிராக்யூஸ் திரும்பி வராதா?

வந்தால் ஸ்டேஷனுக்கே போய் அழைத்து வருவேன். ஆனால் அவர்களுக்கு ஃபுட்பால் இருக்கிறது, ஏசிசியோடு 2036 வரை ஒளிபரப்பு உரிமைக் கட்டு இருக்கிறது. இப்போதைக்கு இல்லை.

யூகான் போய்விட்டால்?

எனக்கு இருக்கும் ஒரே பெரிய பயம் இதுதான். 2024-ல் பிக் 12 கான்ஃபரன்ஸ் அவர்களோடு பேசியது, செப்டம்பரில் பேச்சு நின்றது. யூகானின் ஃபுட்பால் அணிக்கு இன்னும் எந்தக் கான்ஃபரன்ஸும் இல்லை, அதனால் அந்தக் கதவு எப்போது வேண்டுமானாலும் மறுபடி தட்டப்படலாம். அப்படி ஆனால் பத்து அணிகளோடு, அவசரத்தில், பேரம் பேசும் பலம் இல்லாமல் டேட்டனிடமும் செயின்ட் லூயிஸிடமும் போய் நிற்க வேண்டியிருக்கும். யூகான் இருக்கும்போதே, நாம் நல்ல நிலையில் இருக்கும்போதே டேட்டனை அழைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

எப்போது நடக்க வாய்ப்பு?

இப்போதைய டிவி ஒப்பந்தம் 2030-31 சீசனோடு முடிகிறது. புதுப் பேச்சு அதற்கு ஓரிரு வருடம் முன்பே தொடங்கும், பேச உட்காரும்போது கையில் என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டும். ஆகவே டேட்டனை எடுப்பதென்றால் அதற்கு முன்னால் எடுத்து, சேவியர்–டேட்டன் ஆட்டம் ஜனவரியில் எப்படிக் களைகட்டுகிறது என்று அந்தத் தொலைக்காட்சிக்காரர்கள் இரண்டு சீசனாவது நேரில் பார்க்கட்டும்.